செய்தி போட்டுப் பார்த்து வாங்கிய ரீவி

ரீவி வாங்கப் போகிறவர்கள் கடையில் போட்டுக் காட்டுகிற படத்தை நம்பக் கூடாது. கடையில் எப்போதும் மீன் நீந்தும், அல்லது பூ விரியும், அல்லது எங்கோ ஒரு மலையில் பனி விழும். அதற்கென்றே எடுத்த படங்கள் அவை. எந்தப் பெட்டியில் போட்டாலும் அழகாகத்தான் இருக்கும். செய்தியைப் போடச் சொல்ல வேண்டும். செய்தியில் வெயில் இருக்கும், தூசி இருக்கும், கமராக்காரரின் கை ஆடும், சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சனத்தில் பின்வரிசையில் நிற்கிற ஒரு பெண்ணின் முகம் தெரிந்தால், அது நல்ல ரீவி.

பிறிஜெற்றைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்வதென்றால் ரீவியிலிருந்துதான் தொடங்க வேண்டும் மகள். அவசரப்படாமல் எழுதுங்கள். காணாமற்போனவர்களைத் தேடுகிற உங்கள் கந்தோரிலிருந்து ஒருவர் இந்தப் படியெல்லாம் ஏறி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள்.

என் பெயர் பேர்ணடெற். கொட்டாஞ்சேனையில் இதே மாடிவீட்டில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். கணவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். அவர் இறந்து இப்போது முப்பது வருஷமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் ஒரு படம் பிடிக்கிற ஸ்டூடியோவில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். நெகட்டிவ்வில் பென்சிலால் முகத்தைத் துப்புரவாக்குகிற வேலை. கலியாணப் பெண்ணின் பருவை எடுப்பது, மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பது. அடையாள அட்டைப் படங்களும் நிறைய வரும். அதற்கு இரண்டு காதும் தெரிய வேண்டும். அப்படித்தான் காதுகளைப் பார்க்கப் பழகினேன். முகம் மெலியும், கறுக்கும், பல் விழும், கன்னம் ஒட்டும். காது அப்படியே இருக்கும். ஒருவரை ஒருதரம் பார்த்தால் பத்து வருஷத்துக்குப் பிறகும் காதை வைத்துச் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறிஜெற் என் முன்னறையில் வாடகைக்கு இருந்தவள். மன்னார்ப் பக்கம். மகள் றொமிலாவுக்கு மூச்சு இழுப்பு வருத்தம், அதற்குக் கொழும்பில் கிளினிக் காட்ட வந்தவள். அவளுடைய தகப்பன் சவுந்தரநாயகம் மாஸ்ரர் வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். படிப்பித்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றுகொண்டிருந்தது. புருஷன் கிளிநொச்சியில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தான்.

2006 ஆவணி மாதம் பிறிஜெற் அவனைக் கூட்டிவரப் போனாள். பிள்ளைக்கு இரண்டு வயது.

“ஒரு கிழமை அக்கா. இவளைக் கொண்டு போனா வழியிலை இழுத்திடும். அந்த மனுசனை இழுத்துக்கொண்டு ஓடி வந்திடுவன்.”

“இழுக்கிற ஆக்கள் உங்கடை வீட்டிலை கூடத்தான்,” என்றேன். சிரித்துக்கொண்டு போனாள். அவள் போய் நாலாம் நாள் வன்னிப் பாதையைப் பூட்டினார்கள். எப்படிப் பூட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரையும் ஒரு போமில் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், வயது, சொந்த ஊர், வீட்டுக்காரருக்கு என்ன உறவு. தாய் தகப்பன் வன்னியில் இருக்கிற பிள்ளை என்று எழுதினால் கேள்விக்குமேல் கேள்வி வரும். மாஸ்ரரும் நானும் யோசித்தோம். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினோம். எழுதியது நான், எழுதச் சொன்னது அவர். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். போமில் எழுதினால் போதாது, செக்கிங் வரும்போது பிள்ளையும் அப்படியே சொல்ல வேண்டும். அதனால் மாஸ்ரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையை மடியில் வைத்துப் பாடம் எடுத்தார்.

“இது ஆர்?”

“அன்ரி.”

“பிழை. இது ஆர்?”

“அம்மா.”

“கெட்டிக்காரி. இந்தா ரொபி.”

ஒரு மாதம் போய் செக்கிங் வந்தது. கொன்ஸ்டபிள் குனிந்து, “மே கவுத துவே?”, இது ஆர் மகள் என்று, என்னைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான். பிள்ளை என் சாரிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு “அம்மா” என்றாள். அந்தச் சொல் அவனுடைய பாஷையிலும் அதுதான். கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான். அவன் போன பிறகு, இனி அன்ரி என்று சொல்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு மறந்துபோனேன். அடுத்த நாளும் மறந்துபோனேன்.

பிறிஜெற்றிடமிருந்து கோயில் மூலமாக இரண்டு கடிதம் வந்தது. மாஸ்ரருக்கு வாசித்துக் காட்டினேன். 2008 கடைசியில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு ரீவிதான். வன்னியிலிருந்து சனம் தண்ணீரைக் கடந்து வருவதை அரசாங்கச் செய்தியில் காட்டுவார்கள். எதற்காகக் காட்டினார்கள் என்பது வேறு கதை. நாங்கள் செய்தியைக் கேட்பதில்லை, சனத்தைப் பார்ப்போம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுக்கு வீடு அப்படித்தான். ஒருவர் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்பார், மற்றவர்கள் பின்னால் நின்று பெயர்களைச் சொல்வார்கள்.

என்னிடம் இருந்தது பழைய பதினாலு அங்குலப் பெட்டி. அதில் எல்லா முகமும் ஒரே முகம். அதனால்தான் 2009 மாசி மாதம் மாஸ்ரரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடையில் ஹமீட் என்ற பொடியன் நின்றார். மெல்லிசுப் பெட்டிகள் ஐந்து, சுவர் நீளத்துக்கு. ஐந்திலும் மீன்.

“மீனை நிப்பாட்டிப்போட்டு நியூஸைப் போடுங்கோ தம்பி.”

“நியூஸ்ல என்ன மிஸிஸ் ஈக்கிது? கலர் ஒண்டும் வெளங்காதே.”

“எனக்குக் கலர் வேண்டாம். முகம் வேணும்.”

அவர் என்னைப் பார்த்தார், மாஸ்ரரின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பக்கம் யாரும் ஈக்கிறாங்களா?” என்றார்.

“இவரின்ரை மகள்.”

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் விற்கப் பார்க்கவில்லை. ஸ்டூல் போட்டு இருத்தினார். பன்னிரண்டு மணிச் செய்தி வந்ததும் ஐந்து பெட்டியிலும் ஒரே சனம் வந்தது. நான் ஒவ்வொன்றாக நடந்து பார்த்தேன். நாலில் பின்னால் நின்றவர்களின் முகம் நனைந்த சவுக்காரம் மாதிரிக் கரைந்திருந்தது. ஐந்தாவதில் ஒரு பெண்ணின் காதில் தோடு கழற்றிய துவாரம் தெரிந்தது. இதுதான் என்றேன்.

“நீங்க என்ன சொல்றீங்க சேர்?” என்று ஹமீட் மாஸ்ரரைக் கேட்டார்.

“எனக்கு எல்லாம் ஒண்டுதான் தம்பி. ஒரு அலுமாரியைக் கொண்டந்து வைச்சாலும் நல்ல படம் எண்டுதான் சொல்லுவன்.”

ஹமீட் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வெட்கப்பட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாஸ்ரர் இருந்த வீட்டிலும் ரீவி இருந்தது. அங்கே அறை எடுத்திருந்த பொடியன்கள் நாலு பேருக்கும் நல்ல கண். பிறிஜெற்றின் படத்தைக் காட்டினால் அவர்களே பார்த்துச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெட்டி சரியில்லை மாஸ்ரர், அவங்களுக்கு ஆளையும் தெரியாது, நீங்கள் என்னட்டை வாங்கோ என்று நான்தான் சொன்னேன். அவர் ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். தேட வேண்டும் என்றுதான் அந்த ரீவியை வாங்கினேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேடுகிறது நானாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

புது ரீவி வந்த பிறகு மாடியில் எல்லாரும் இங்கேதான் வந்தார்கள். பக்கத்து வீட்டு நளீபாவுக்கு அங்கே ஒருவரும் இல்லை, இருந்தாலும் வந்து இருப்பாள். அந்த இரண்டு மாதத்தில் நான் மூன்று பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கீழ்வீட்டு றோஸியின் மைத்துனரை எரிந்து அணைந்த பந்தம் மாதிரிக் கறுத்த முகத்தோடு கண்டு சொன்னேன். றோஸியே நம்பவில்லை. எங்கள் கோயில் பாதர் ஒஸ்வால்ட் ஆள் அனுப்பிக் கேட்டுப் பார்த்தார், அவர்தான். மூன்று குடும்பம் இன்றைக்கும் எனக்கு நத்தாருக்குக் கேக் அனுப்புகிறது. அதையும் உங்கள் கடதாசியில் எழுத இடம் இருக்குமென்றால் எழுதுங்கள்.

பிறிஜெற்றைக் கண்டது பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டாவது கிழமை. மத்தியானச் செய்தி. வேலை நாள் ஆகையால் மற்றவர்கள் இல்லை. மாஸ்ரர் கதிரையில் இருந்தார், றொமி பாயில் படுத்துக்கொண்டு படத்துக்கு வர்ணம் தீட்டினாள். தண்ணி கொண்டுவருகிற பவுசர் லொறிக்கு முன்னால் வரிசை. ஏழாவதோ எட்டாவதோ ஆளாக நின்றாள். மொட்டைத் தலை, ஆண்கள் போடுகிற சேட், கையில் மஞ்சள் கான். பக்கத்தில் புருஷன் இல்லை. கமரா வந்ததும் திரும்பி அதைப் பார்த்து ஏதோ கேட்டாள். சத்தம் இல்லை, சிங்களத்தில் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். எட்டு விநாடி இருக்கும். காதைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

றொமி தலையை நிமிர்த்தினாள். “அம்மா, அந்த மாமிக்கு ஏன் தலைமயிர் இல்லை?”

“எந்த மாமி?” மாஸ்ரர் கதிரை நுனிக்கு வந்தார்.

“ஆரோ ஒரு மனிசி, மாஸ்ரர். பேன் பிடிச்சிருக்கும், வெட்டியிருப்பினம்.”

“எங்கடை பிள்ளை இல்லையே?”

“இல்லை மாஸ்ரர்.”

“வடிவாப் பாத்தனீரே?”

“வடிவாப் பாத்தன்.”

இரண்டாவதாகச் சொன்னது உண்மை.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துத்தான் வைத்திருக்கிறேன், பதினைந்து வருஷம் நேரம் இருந்தது. பிள்ளைக்குத் தாயைத் தெரியவில்லை. அதுதான் காரணம். அவள் “அது என்ரை அம்மா” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் ஓம் என்றிருப்பேன். அவள் மாமி என்றாள். நான் அந்த இடத்தில் ஒன்றும் செய்யவில்லை, பிள்ளை சொன்னதற்கு மேலே போகவில்லை. தவிர, பிறிஜெற்றின் நிலைமையைப் பார்த்தேன். ஒரு கான் தண்ணிக்கு அப்படி நிற்கிறவள் இழுப்புக்காரப் பிள்ளையை வைத்து என்ன செய்வாள். கொஞ்சம் ஆறட்டும், உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். ஒரேயடியாக இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு எண்ணம் இருக்கவில்லை.

அந்தப் படத்தைப் பின்னேரமும் போடுவார்கள் என்று தெரியும். பின்னேரம் எல்லாரும் வருவார்கள், நளீபா நாலு மாதம் பிறிஜெற்றோடு பழகியவள். நான் ரிமோட்டை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டி, கூர்மை என்று இருந்ததைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்டூடியோவில் வேலை செய்த எனக்கு ஒரு முகத்தை எடுக்கவும் தெரியும், அழிக்கவும் தெரியும்.

நளீபா வந்து இருந்ததும் முகத்தைச் சுழித்தாள். “என்ன நடந்த அக்கா? நேத்து முத்து மாதிரி ஈந்த படம், இண்டக்கி மழக்காலம் மாதிரி ஈக்கிது.”

“அன்ரனா திரும்பிப்போச்சு.”

“அந்தக் கடைக்காரப் பொடியன் ஒங்களுக்கு நல்லா ஏத்திட்டான்.”

“அப்பிடித்தான் போலை,” என்றேன். பாவம், ஹமீட் நல்ல பெட்டிதான் தந்தார்.

வைகாசியில் சண்டை முடிந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள், நாங்கள் யன்னல்களைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அந்தக் கிழமைதான் பாதர் ஒஸ்வால்ட் வந்தார். வவுனியாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சிஸ்டர் ஒருவர் அவருக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். முகாமிலிருந்து காய்ச்சலோடு கொண்டுவந்த பெண், பெயர் ஊர் ஒன்றும் சொல்லும் நிலையில் இல்லை.

“கொட்டாஞ்சேனை, கொட்டாஞ்சேனை எண்டு மட்டும் சொல்லுதாம்,” என்றார் பாதர். “ஆராவது சொந்தக்காரர் வந்து பொறுப்பெடுத்தா இஞ்சை பெரியாஸ்பத்திரிக்கு மாத்தலாமாம். சிஸ்டர் கெதியா எண்டு எழுதியிருக்கிறா. பேர்ணடெற், உம்மடை கண்ணைத்தான் நம்பி வந்தனான்.”

மாஸ்ரர் எழும்பி நின்றார். எதையோ பிடிக்கப் போகிறவர் மாதிரி இரண்டு கையும் முன்னால் இருந்தது. “என்னட்டைத் தாங்கோ பாதர்,” என்றார். பாதர் படத்தை அவர் கையில் கொடுத்தார். மாஸ்ரர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், விரலால் தடவினார். கடைசியில், “தங்கச்சி, நீர் பாரும்,” என்று என்னிடம் நீட்டினார்.

யன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். இடது காது முழுதாகத் தெரிந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தமாதிரி. றொமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன படம் அம்மா?” என்றாள்.

“காது வேறை, பாதர்.”

“நிச்சயமோ?”

“காது மாறாது, பாதர்.”

மாஸ்ரர் கதிரையில் இருந்தார். “தங்கச்சி சொன்னாச் சரிதான்,” என்றார். பாதருக்கு இன்னும் நாலு வீடு போக இருந்தது. தேத்தண்ணி குடிக்காமல் இறங்கிப் போனார்.

பதினோரு நாள் கழித்து ஞாயிறு பூசையில் மரித்தவர்களுக்கான மன்றாட்டில், வவுனியாவில் இறந்த பெயர் தெரியாத ஒரு சகோதரிக்காக என்று பாதர் வாசித்தார். ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கோயில் முழுக்கச் சொன்னது. நானும் சொன்னேன். மாஸ்ரர் என் பக்கத்தில் நின்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார். யார் பெற்ற பிள்ளையோ என்று வெளியே வரும்போது என்னிடம் சொன்னார். அவரைக் கையில் பிடித்துப் படி இறக்கினேன்.

அதற்குப் பிறகும் அவர் வந்தார். இன்னும் இரண்டு வருஷம். செய்தியில் இப்போது வரிசைகள் இல்லை, கிரிக்கெட்டும் புதுப் பாதை திறப்பும்தான். அவருக்கு அது தெரியாது. செய்தி முடிகிற இசை வந்ததும் முகத்தை என் பக்கம் திருப்புவார்.

“இண்டைக்கு?”

“இண்டைக்கு இல்லை மாஸ்ரர். நாளைக்குப் பாப்பம்.”

“ஓம், நாளைக்குப் பாப்பம்.”

2011இல் நித்திரையில் போனார். ஒரு நாளாவது அவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை, நாளைக்கு என்ற சொல்லைக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

றொமிக்குப் பதினாலு வயதானபோது, அவளைப் பெற்றவள் வேறு என்று நானே சொன்னேன். ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வன்னிக்குப் போனவள் திரும்பவில்லை என்றேன். அன்று தொடங்கித் தேடுகிறாள். உங்கள் கந்தோரில் இருக்கிற மனு அவள் எழுதியது. திகதிகளைச் சொல்லிக் கொடுத்தது நான். கொடுக்க வந்தபோது நானும் கூட வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அன்றைக்கு நல்ல மழை. காணாமற்போனவர்களைக் கேட்டுத் தெருவில் நிற்கிறவர்களோடு அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற பிறிஜெற்றின் படத்தையும் நான்தான் சின்னப் படமொன்றிலிருந்து பெருப்பித்துக் கொடுத்தேன். நெற்றியில் ஒரு கீறல் இருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

இத்தனை வருஷம் சொல்லாதவள் இன்றைக்கு ஏன் சொல்கிறேன் என்றால், போன கிழமை றொமி வேலையை விட்டுவிட்டாள். வவுனியாவில் அறை பார்த்துவிட்டாளாம். அங்கே போய் இருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரிப் பதிவாகப் பார்க்கப் போகிறாளாம். “கண்டுபிடிக்கும்வரைக்கும் வரமாட்டன் அம்மா,” என்றாள். உடுப்புப் பை அந்த அறையில் கட்டியபடி இருக்கிறது, வரும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த வயதில் நான் தனியே இருப்பதைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது. தூசிக்கு இழுப்பு வரும்.

ஆகவே எழுதுங்கள். பிறிஜெற்றை இரண்டு தரம் பார்த்தேன், ஒருதரம் ரீவியில், ஒருதரம் படத்தில். இரண்டு தரமும் அவள்தான் என்று தெரியும். இரண்டு தரமும் இல்லை என்றேன். ஓம் என்றிருந்தால் அவளை இங்கே கொண்டுவந்திருப்பார்கள், பெரும்பாலும் பிழைத்திருப்பாள். எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் இருந்த மடத்தில் விசாரித்தால் தெரியலாம். எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று காட்டுங்கள், கண்ணாடியை எடுத்து வருகிறேன்.

இனி றொமி எங்கேயும் போகத் தேவையில்லை. ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். நீங்கள் இருந்து இதை அவளுக்கு உங்கள் வாயால் சொல்லுங்கள், ஆனால் மெதுவாகச் சொல்லுங்கள். நான் அவள் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன். இப்படி ஒரு செய்தியைக் கேட்கிற நேரத்தில் பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும்.